வேலை தேடுவதும் ஒரு வேலையே!

சென்ற ஆண்டு தவக்காலத்தில் ஒரு நாள். காலைத் திருப்பலி முடிந்து நான்கு மணி நேரம் கடந்திருக்கும். கோவிலின் பக்கவாட்டுக் கதவைச் சாத்தச் சென்றபோது, புனித சூசையப்பர் பீடத்திற்கு அருகே கடைசிப் பெஞ்சில் ஓர் இளைஞன் அமர்ந்திருப்பதைக் கண்டேன். அருகே ஒரு சாப்பாட்டுத் தூக்கு. மடியில் சான்றிதழ்கள் அடங்கிய ஃபைல். செபிக்கிறான் போலும் என்று எண்ணி ஓசையின்றித் திரும்பினேன். மறுநாளும் அதே நேரம், அதே பெஞ்சு, அதே தூக்கு. மூன்றாம் நாள் அவனருகே சென்று அமர்ந்தேன்.

"வேலை தேடப் போறேன்னு சொல்லிட்டு வந்துடறேனுங்க சாமி. எங்கே போறதுன்னுதான் தெரியல. பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்தா தெரிஞ்சவங்க யாராச்சும் பார்த்துடறாங்க. இங்கே யாரும் கேள்வி கேக்கறதில்லீங்க" என்றான்.

வணிகவியலில் பட்டம் பெற்றுப் பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. தந்தை இருபத்தாறு ஆண்டுகளாக நூற்பாலைத் தொழிலாளி. தாய் வீட்டிலேயே தையல் எந்திரம் வைத்திருப்பவர். ஒவ்வொரு நாளும் அந்தத் தாய் விடியற்காலையில் எழுந்து சோறு கட்டிக் கொடுத்தனுப்ப, பிள்ளை அதைக் கோவிலில் உண்டுவிட்டு மாலையில் வீடு திரும்பிக்கொண்டிருந்தான்.

அவனைக் கண்டு நான் வருந்தியதைவிட என்னைக் குறித்து நாணியதே மிகுதி. ஏனெனில், எட்டு மாதங்களுக்கு முன்பே அவன் என்னிடம் வந்து வேலை கேட்டிருந்தான். நானும், "இவர் என் பங்கைச் சேர்ந்தவர்; நற்குணம் உள்ளவர்; ஆவன செய்ய வேண்டுகிறேன்" என்று ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதி, முத்திரை இட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தேன். என் கடமை முடிந்தது என்று எண்ணிவிட்டேன். அவனுக்கு என்ன செய்யத் தெரியும் என்று ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அந்தக் கடிதம் மடிப்புக் கலையாமல் அவனுடைய ஃபைலிலேயே இருந்தது.

அன்பார்ந்த பெற்றோரே, இளைஞர்களே! நம் பங்குகளில் இத்தகைய பிள்ளைகள் பலர் உளர். படிப்பதற்கு வழி சொல்லப் பள்ளி உண்டு. திருமணத்திற்கு வழி சொல்ல உற்றார் உண்டு. இரண்டுக்கும் இடையே உள்ள வேலை தேடும் காலத்திற்கு மட்டும் வழி சொல்வார் இலர். அக்குறையைச் சிறிதேனும் போக்கவே இக்கட்டுரை.

கடைத்தெருவில் நின்றவர்கள்

புனித மத்தேயு நற்செய்தியின் இருபதாம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்டத் தொழிலாளர் உவமையை நாம் பன்முறை கேட்டிருக்கிறோம். தோட்டக்காரர் விடியற்காலையிலும், ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும், இறுதியாக மாலை ஐந்து மணிக்கும் கடைத்தெருவுக்குச் செல்கிறார். கடைசியாக வந்தவர்க்கும் முழுக் கூலி தந்த தலைவரின் தாராள உள்ளத்தைப் பற்றியே நாங்கள் மறையுரை ஆற்றுவது வழக்கம். அது சரியே. ஆயினும், மாலை ஐந்து மணிவரை எவராலும் அழைக்கப்படாமலே அங்கே நின்றுகொண்டிருந்தவர்களை நாம் சற்று எண்ணிப் பார்ப்பதில்லை. நண்பகலிலேயே மனம் ஒடிந்து வீடு திரும்பியிருந்தால் அவர்களுக்கு ஒரு நாணயமும் கிடைத்திராது. கூலி கொடுப்பவர் வரும் இடத்தில், அவர் கண்ணுக்குத் தெரியும்படி நின்றார்கள். அதுவே அன்று அவர்கள் செய்த வேலை.

நம் இளைஞனோ எவர் கண்ணிலும் படாத இடமாகத் தேடி வந்து அமர்ந்திருந்தான். வேலை இல்லாமை குற்றமன்று, பாவமும் அன்று. ஆனால் அதனால் வரும் வெட்கம் மனிதனை ஒளியச் செய்கிறது. ஒளிந்தவனை எவரும் அழைப்பதில்லை. ஆகவே, வேலை தேடுவோர் முதலில் விட்டொழிக்க வேண்டியது இந்த வெட்கத்தையே.

இனி, எப்படித் தேடுவது? பெல்ஜிய நாட்டுக் குருவாகிய ஜோசப் கார்டைன், 1925-இல் தோன்றிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தின் தந்தை. தொழிலாளர் பிள்ளைகளுக்கு அவர் கற்பித்த முறை மூன்றே சொற்களில் அடங்கும்: பார், தீர்ப்பிடு, செயல்படு. திருத்தந்தை இருபத்துமூன்றாம் அருளப்பர் 1961-இல் வெளியிட்ட சுற்றுமடலில் இம்முறையை ஏற்றுப் பாராட்டியுள்ளார். குருமடத்தில் நாங்கள் பாடமாகப் படித்த இம்முறையை, அன்று நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கிக்கொண்டு, அந்த இளைஞனோடு அமர்ந்து கையாண்டு பார்த்தேன்.

பார்: உன்னையும், உன் ஊரையும்

முதற்பக்கத்தில், "எனக்குச் செய்யத் தெரிந்தவை" என்று தலைப்பிட்டு எழுதச் சொன்னேன். "பி.காம்." என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டான். பட்டம் என்பது படித்ததைக் காட்டுமேயன்றிச் செய்யத் தெரிந்ததைக் காட்டாது. மெல்ல மெல்லக் கேட்கக் கேட்க வெளிவந்தன மற்றவை. நம் கோவில் திருவிழாக் குழுவின் வரவு செலவை மூன்று ஆண்டுகள் எழுதியவன் அவனே. கணினியில் டாலி கணக்கு போடத் தெரியும். கல்லூரி விடுமுறையில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் மேசையில் நின்று, பீஸ் எண்ணி, லாட் எண் எழுதிப் பழகியிருக்கிறான். இருசக்கர வண்டி ஓட்ட உரிமம் உண்டு. ஒரு மணி நேரத்தில் பக்கம் நிறைந்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே, "இதற்குச் சான்று யார்?" என்று மற்றொரு பத்தி வரைந்தோம். "நன்றாக உழைப்பேன்" என்று எவரும் எழுதலாம். "மூன்று ஆண்டுத் திருவிழாக் கணக்கு, ஒரு ரூபாய் பிசகாமல் தணிக்கை ஆனது" என்று எழுதச் சான்று வேண்டும். அது அவனிடம் இருந்தது.

இரண்டாம் பக்கம் ஊரைப் பற்றியது. திருப்பூர்ச் சாலைகளில் கம்பெனி வாயில்கள் தோறும் பலகைகள் தொங்குவதை நாம் அறிவோம்: டெய்லர் தேவை, ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி, அயர்னிங், பேக்கிங் ஆட்கள் தேவை. பலகையில் காண்பன மட்டுமே வேலைகள் என்று நம்மவர் எண்ணிவிடுகிறார்கள். ஒரு சட்டை கப்பலேறுவதற்குள் எத்தனை கைகள் மாறுகின்றன! வெளிநாட்டு வாங்குபவரோடு கடிதத் தொடர்பு கொள்ளும் மெர்ச்சண்டைசர், நூலுக்கும் துணிக்கும் கணக்கு வைக்கும் ஸ்டோர்ஸ் எழுத்தர், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர், தரம் பார்ப்பவர், தையல் எந்திர மெக்கானிக், கணினியில் பேட்டர்ன் வரைபவர், சாயக்கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்தில் வேதியியல் அறிந்தவர் என்று பட்டியல் நீள்கிறது. இவற்றில் பல இடங்களுக்குப் பலகை எழுதி மாட்டுவதே இல்லை.

நம் உடுமலையும் ஒரே தொழிலை நம்பிய ஊரன்று. நூற்பாலைகள் உண்டு, மடத்துக்குளம் பக்கம் காகித ஆலைகள் உண்டு, காற்றாலைகள், தென்னைநார்த் தொழில், கோழிப் பண்ணைகள், தீவனத் தொழில் உண்டு. இன்று நாடறிந்த கோழிப்பண்ணை நிறுவனமாகிய சுகுணா, 1980-களில் உடுமலையில் சிறிய அளவில் தொடங்கப்பட்டதே. ஒவ்வொரு தொழிலுக்கும் பின்னால் கணக்கு, கிடங்கு, வண்டி, பராமரிப்பு, கணினி என்று ஐந்தாறு வேலைகள் மறைந்துள்ளன. பேருந்தில் ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய நிறுவனங்கள் எவை என்று அவனே ஒரு படம் வரைந்தான். பதினான்கு மாதங்களாகத் தெரியாதிருந்த ஊர், நான்கு நாட்களில் அவனுக்குத் தெரியலாயிற்று.

தீர்ப்பிடு: எது வேண்டும், எதுவரை?

இரண்டாம் படி, எதைத் தேடுவது என்று முடிவு செய்தல். "எந்த வேலையானாலும் சரி" என்பது பணிவு போல் தோன்றும். உண்மையில் அது முடிவெடுக்கத் தயங்குவதே. வேலை தருபவருக்கும் அதனால் பயனில்லை. "கணக்கு அல்லது கிடங்குப் பிரிவில் உதவியாளர் வேலை தேடுகிறேன்" என்று சொல்பவனைப் பற்றித்தான் கேட்டவர் மற்றொருவரிடம் நினைவாகச் சொல்ல இயலும்.

அரசு வேலையை நாடும் பிள்ளைகளுக்கு ஒரு சொல். 2024-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தேர்வாணையத்தின் நான்காம் தொகுதித் தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. பின்னர் அவை உயர்த்தப்பட்டன. விண்ணப்பித்தவர்களோ 20 இலட்சத்திற்கும் மேல். முயலவே கூடாது என்று நான் சொல்லவில்லை. முயன்று வென்ற பிள்ளைகள் நம் பங்கிலேயே உண்டு. ஆனால், இத்தனை ஆண்டுகள், இத்தனை முறை என்று முன்கூட்டியே எல்லை வகுத்து, இயன்றவரை ஏதேனும் ஒரு வேலையில் இருந்துகொண்டே படிப்பது நல்லது. எல்லையின்றிக் காத்திருப்பவர் முப்பது வயதில் அனுபவம் ஏதுமின்றி நிற்க நேரிடும்.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு அழைப்புக்குக் காத்திருப்போரும் உளர். பதிவு செய்யத்தான் வேண்டும். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை மறவாமல் புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால், பல்லாண்டுகள் நடைமுறையில் இருந்த 1959-ஆம் ஆண்டுச் சட்டமும் காலியிடங்களை அறிவிக்கும்படிதான் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. பதிந்தவர்களையே அமர்த்த வேண்டும் என்று அது கட்டளையிடவில்லை. ஆகவே பதிவு ஒரு கதவு. அந்த ஒரு கதவின் முன்னேயே அமர்ந்துவிடலாகாது.

மற்றொன்றையும் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். திருப்பூர் வாழ்வளிக்கும் ஊர். அவ்வப்போது அதிர்ச்சியும் தரும் ஊர். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையால் சாய ஆலைகள் மூடப்பட்டன. 2020-இல் கொள்ளைநோய் எல்லாவற்றையும் நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது ஏற்றுமதியாளரும் தொழிலாளரும் ஒருங்கே கலங்கினர். இவற்றை ஒரு தொழிலாளி தடுத்து நிறுத்த இயலாது. ஆனால் ஒரு தொழிலிலிருந்து மற்றொன்றுக்கு எடுத்துச் செல்லத்தக்க திறமை ஒன்றையேனும் கற்றுவைத்திருக்க இயலும். கணக்கு, எந்திரப் பழுதுபார்ப்பு, மின்பணி, கணினி, ஆங்கிலத்தில் கடிதம் எழுதுதல் ஆகியவை அத்தகையன. ஐ.டி.ஐ., டிப்ளமா, பட்டம் முடித்தோர் 1961-ஆம் ஆண்டுத் தொழிற்பயிற்சியர் சட்டத்தின்படி உதவித்தொகையுடன் நிறுவனங்களில் அப்ரண்டிஸ் பயிற்சி பெறலாம். தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டமும் இத்தகைய பயிற்சிக்கானதே. அனுபவம் இல்லை என்று கதவடைக்கப்படும் பிள்ளைகளுக்கு இவை நல்ல நுழைவாயில்கள்.

செயல்படு: நோட்டும் கால அட்டவணையும்

வேலை தேடுவதும் ஒரு வேலை என்றால் அதற்கும் நேரம் உண்டு, ஓய்வும் உண்டு. நாங்கள் வகுத்த வாரத் திட்டம் எளியது. திங்கட்கிழமை: அந்த வாரம் அணுக வேண்டிய ஐந்து நிறுவனங்களைத் தேர்ந்து, அவற்றைப் பற்றி விசாரித்தல். செவ்வாய், புதன்: நேரில் செல்லுதல். வியாழன்: விண்ணப்பங்களும் இணையதளங்களும். வெள்ளி: ஏற்கெனவே அணுகியவர்களிடம் பணிவாக நினைவூட்டல். சனிக்கிழமை காலை: என்னிடம் நோட்டைக் காட்டுதல். ஒவ்வொரு நாளும் மாலையில் ஒரு மணி நேரம் ஆங்கிலமும் டாலியும். சென்ற இடம், கண்ட ஆள், சொன்ன பதில், மீண்டும் செல்ல வேண்டிய நாள் ஆகியவை நோட்டில் ஏறும். "தேடினேன், கிடைக்கவில்லை" என்னும் பொதுப்புலம்பலுக்கு அதன்பின் இடமில்லை. எங்கே தேடினான், எதனால் கிடைக்கவில்லை என்பது கண்முன் தெரிந்துவிடும்.

தன்விவரக் குறிப்பைப் பற்றி. பயோடேட்டா என்று நம்மவர் சொல்லும் இத்தாள், புதிதாக வேலை தேடுவோருக்கு ஒரு பக்கம் போதும். தந்தை பெயர், உயரம், எடை, பொழுதுபோக்கு என்று பாதிப் பக்கத்தை வீணாக்காமல், செய்யத் தெரிந்ததையும் அதன் சான்றையும் முதலில் எழுதுக. பெரிய நிறுவனங்களில் இன்று விண்ணப்பங்களை முதலில் வாசிப்பது பல வேளைகளில் கணினியே. அறிவிப்பில் கேட்ட சொற்கள் குறிப்பில் உள்ளனவா என்று அது தேடுகிறது. ஆகவே ஒரே குறிப்பை எல்லா இடத்திற்கும் அனுப்பாமல், அறிவிப்பை ஊன்றிப் படித்து, தமக்கு உண்மையாகவே தெரிந்தவற்றை அந்த அறிவிப்பின் சொற்களாலேயே எழுதுதல் வேண்டும். தெரியாததைத் தெரியும் என்று எழுதுவது பொய். முதல் வாரத்திலேயே அது வெளிப்பட்டுவிடும்.

நம் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கே உரிய தொல்லை ஒன்று உண்டு. ஞானஸ்நானச் சான்றிதழில் அந்தோணி, பள்ளிச் சான்றிதழில் ஆண்டனி, ஆதார் அட்டையில் அந்தோனி! வேலை கிடைத்த பிறகு இதனால் அலைந்தவர்களை நான் அறிவேன். பெயர், தலைப்பெழுத்து, பிறந்த நாள் ஆகியவை எல்லாச் சான்றுகளிலும் ஒன்றாக உள்ளனவா என்று இப்போதே பார்த்துத் திருத்திக்கொள்க. சாதிச் சான்றிதழையும் ஆயத்தமாக வைத்திருங்கள்.

இணையத்தின் வழியையும் புறக்கணித்தல் ஆகாது. மத்திய அரசு 2015-இல் தொடங்கிய நேஷனல் கேரியர் சர்வீஸ் தளமும், தமிழக அரசின் தனியார் துறை வேலைத் தளமும் கட்டணம் இல்லாதவை. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் தனியார் நிறுவனங்களை அழைத்து முகாம்கள் நடத்துகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றும் அறிவிப்பை அப்படியே நம்பாமல், நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலோ வாயிலிலோ உறுதி செய்துகொள்ளுங்கள்.

தூரத்து அறிமுகத்தின் வலிமை

இனிச் சொல்லப்போவதே இக்கட்டுரையின் உயிர்நாடி. மார்க் கிரானோவெட்டர் என்னும் அமெரிக்கச் சமூகவியல் அறிஞர், பாஸ்டன் நகருக்கு அருகிலுள்ள நியூட்டன் என்னும் ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் அவ்வேலை எவ்வாறு கிடைத்தது என்று கேட்டறிந்தார். 1973-இலும் 1974-இலும் அவர் வெளியிட்ட முடிவுகள் இன்றும் பேசப்படுகின்றன. பாதிக்கு மேற்பட்டோர்க்கு மனிதத் தொடர்பு வழியாகவே வேலை கிடைத்திருந்தது. அவ்வாறு பெற்றவர்களுள், தகவல் சொன்னவரை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள் நூற்றுக்குப் பதினேழு பேர் மட்டுமே. எப்போதாவது சந்திப்பவர்கள் ஐம்பத்தாறு பேர். மிக அரிதாகச் சந்திப்பவர்கள் இருபத்தெட்டுப் பேர். 2022-இல் லிங்க்டின் தளத்தைப் பயன்படுத்தும் 2 கோடி பேரைக் கொண்டு நடத்திய ஆய்வும், நெருங்கிய நண்பரைவிடச் சற்றுத் தள்ளி இருக்கும் அறிமுகமே வேலை மாற மிகுதியும் உதவுகிறது என்று காட்டியது.

காரணம் எளிது. நம் வீட்டாரும் நண்பரும் அறிந்தவற்றை நாமும் அறிவோம். நாம் அறியாத செய்தி, நம்மிலிருந்து சற்று விலகி வாழ்பவரிடமே இருக்கும். கொங்கு நாட்டில் இதை அறியாதார் இல்லை; திருப்பூர்க் கம்பெனிகளில் புதிய ஆட்கள் பெரும்பாலும் ஏற்கெனவே உள்ளவர் சொல்லியே சேருகிறார்கள். ஆனால், "நமக்குத் தெரிந்தவர் யாரும் இல்லையே" என்று ஏழைக் குடும்பங்கள் ஏங்குகின்றன. தெரிந்தவர் என்றால் பெரிய மனிதர் என்று அவர்கள் கருதுவதே இதற்குக் காரணம்.

சிபாரிசு வேறு, தகவல் வேறு என்பதை நானும் அப்போதுதான் உணர்ந்தேன். சிபாரிசு என்பது தகுதியுள்ள மற்றொருவரின் இடத்தைப் பறித்துத் தரக் கேட்பதாகிவிடக்கூடும். அது நீதிக்குப் பொருந்தாது. தகவல் கேட்பதோ எவருக்கும் தீங்கற்றது. "எனக்கு வேலை வாங்கிக் கொடுங்கள்" என்று கேட்டால் எவரும் நழுவுவர். "நான் கணக்கு வேலை தேடுகிறேன், உங்களுக்குத் தெரிந்த இடத்தில் ஆள் தேவைப்படுகிறதா? யாரைப் போய்ப் பார்க்கலாம்?" என்று கேட்டால் பெரும்பாலோர் மகிழ்ந்து சொல்வர்.

நோட்டின் பின்பக்கத்திலிருந்து அவனுக்கு முகம் தெரிந்தவர்கள் பெயரை எழுதத் தொடங்கினோம். பழைய ஆசிரியர்கள், கல்லூரித் தோழரின் அண்ணன்மார், தாயாரிடம் ரவிக்கை தைக்கக் கொடுப்பவர்கள், மளிகைக் கடைக்காரர், லாரி புக்கிங் அலுவலகத்துப் பணியாளர் என்று அறுபத்திரண்டு பெயர்கள் சேர்ந்தன.

நேர்காணல்

நேர்காணலுக்குச் செல்லுமுன் மூன்று செய்திகளை வீட்டிலேயே வாய்விட்டுச் சொல்லிப் பழகுக: நான் யார், இதுவரை என்ன செய்திருக்கிறேன், இந்நிறுவனத்தில் இவ்வேலையை ஏன் விரும்புகிறேன். இன்று பல நேர்காணல்கள் கைப்பேசியில் முகம் பார்த்தே நடைபெறுகின்றன. வெளிச்சம் முகத்தில் விழும்படி, அமைதியான அறையில் அமர வேண்டும். வீட்டில் அறை இல்லையேல் பங்கு இல்லத்துக்கு வாருங்கள், கதவு திறந்திருக்கும். தெரியாத கேள்விக்கு, "தெரியாது ஐயா, கற்றுக்கொள்கிறேன்" என்று கூறுதல் இழுக்கன்று.

நீங்களும் கேள்வி கேட்கலாம். சம்பளம் மாதமா, வாரமா, பீஸ் ரேட்டா? ஷிப்ட் எத்தனை மணி நேரம்? வருங்கால வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் உண்டா? நியமனக் கடிதம் எழுத்தில் தருவார்களா? உழைப்பு மனிதனுக்காகவே, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பது திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய சுற்றுமடலின் அடிப்படை. இக்கேள்விகளைப் பணிவோடு கேட்பது அந்த மாண்பைக் காப்பதே ஆகும்.

படுகுழிகள்

தேவை மிகுந்தவரைத் தேடியே வஞ்சகரும் வருகின்றனர். வேலை தருவதற்கு முன் பணம் கேட்பவரைக் கண்டால் திரும்பி வந்துவிடுங்கள். பதிவுக் கட்டணம், சீருடைப் பணம், மடிக்கணினிக்கு முன்பணம் என்று பெயர் எதுவானாலும் சரி. வீட்டிலிருந்தே கைப்பேசியில் சிறு வேலை செய்து நாள்தோறும் ஆயிரக்கணக்கில் பெறலாம் என்னும் அறிவிப்பும் அத்தகையதே. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடுக. மூலச் சான்றிதழ்களை எவரிடமும் விட்டுவைக்காதீர்கள். காட்டிவிட்டுத் திரும்பப் பெறுங்கள்.

வெளிநாட்டு வேலையில் இன்னும் எச்சரிக்கை தேவை. 2022-இல் தாய்லாந்தில் கணினி வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட தமிழ் இளைஞர்கள் பலர், எல்லை கடத்தப்பட்டு மியான்மரின் மியாவதிப் பகுதியில் அடைத்துவைக்கப்பட்டு, இணைய மோசடி செய்யும்படி துன்புறுத்தப்பட்டனர். அரசு முயன்று மீட்க வேண்டியதாயிற்று. 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்ற முகவர்தானா என்று இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். தமிழக அரசே 1978 முதல் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் ஒன்றை நடத்தி வருகிறது. சுற்றுலா விசாவில் சென்று வேலை செய்யலாம் என்பவர் பேச்சை நம்பவே கூடாது.

பெண்மக்களைப் பெற்றோருக்குத் தனியாக ஒரு விண்ணப்பம். மூன்று ஆண்டுகள் ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் இறுதியில் திருமணத்திற்கு ஒரு தொகை தருவோம் என்று சொல்லி, சிற்றூர்ப் பெண்களை நூற்பாலைகளுக்கு அழைத்துச் சென்ற 'சுமங்கலித் திட்டம்' பெரும் கண்டனத்துக்கு உள்ளானதை அறிவீர்கள். மாதந்தோறும் கையில் வர வேண்டிய ஊதியத்தை இறுதிவரை பிறர் கையில் விட்டுவைக்கும் எந்த ஏற்பாட்டுக்கும் இணங்காதீர்கள். விடுதியை நேரில் சென்று பாருங்கள். மகள் நினைத்தபோது வீட்டோடு பேசவும், விடுமுறையில் வந்து போகவும் இயலுமா என்று கேளுங்கள்.

குடும்பமும் பங்கும்

"இன்னும் கிடைக்கலையா?" என்று நாள்தோறும் கேட்பது அக்கறையே எனினும், கேட்கும் பிள்ளைக்கு அது ஊசி. அதற்கு மாறாக, "இன்றைக்கு எங்கே போய் வந்தாய், கண்ணு? என்ன சொன்னார்கள்?" என்று கேளுங்கள். மாமன் மகனோடும் பக்கத்து வீட்டுப் பெண்ணோடும் ஒப்பிடாதீர்கள். பேருந்துச் செலவுக்கு அவன் கை நீட்டும்முன் வாரத்தின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள். மறுக்கப்பட்டு வரும் நாளில் சோறு சூடாக இருக்கட்டும்.

பங்காகிய நாமும் ஒன்று செய்யலாம். ஒரு பங்கில் எத்தனை தொழில் அறிந்தவர்கள்! கட்டிங் மாஸ்டர் உண்டு, செவிலியர் உண்டு, வங்கி ஊழியர் உண்டு, ஓட்டுநர் உண்டு. வேலை தேடும் பிள்ளைகளை இவர்களுக்கு அறிமுகம் செய்து வைத்தாலே பாதி வழி கடந்ததாகும். இப்போது எங்கள் பங்கில் மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலிக்குப் பின், வேலை தேடுவோரும் வேலையில் உள்ளோரும் அரை மணி நேரம் ஒன்றாய் அமர்ந்து தேநீர் அருந்துகிறார்கள். சிபாரிசு கேட்பதில்லை என்பது விதி. தகவல் மட்டும் பரிமாறலாம். எல்லார்க்கும் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். எவரும் ஒளிந்து அமர்வதில்லை என்று மட்டும் உறுதியாகச் சொல்வேன்.

அந்த இளைஞன்

பதினொரு வாரங்கள் ஆயின. நேரில் சென்ற நிறுவனங்கள் நாற்பதுக்கு மேல், நேர்காணல்கள் நான்கு, நான்கிலும் வேறொருவரைத் தேர்ந்தார்கள். ஒரு சனிக்கிழமை நோட்டை மேசைமேல் வீசிவிட்டு, "போதுங்க சாமி" என்று எழுந்தான். அன்று நான் போதனை எதுவும் செய்யவில்லை. பின்பக்கத்தில் இன்னும் கோடிடாத பெயர்கள் எத்தனை என்று மட்டும் கேட்டேன். பத்தொன்பது இருந்தன.

அவற்றுள் ஒன்று, நம் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிபெருக்கியும் விளக்கும் அமைக்க வருபவர். நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். மூன்று ஆண்டுகள் அவருக்குரிய தொகையை ரசீதுடன், சொன்ன நாளில், குறைக்காமல் கொடுத்தவன் இவன் என்னும் அளவே பழக்கம். அவனைக் கண்டதும் அவர், "நீயா தம்பி வேலை தேடறே? போன வாரம் பல்லடம் ரோட்டு மில்லுல லைட் மாட்டப் போயிருந்தேன். ஸ்டோர்ஸுல ஒருத்தர் நின்னுட்டாருன்னு பேசிக்கிட்டாங்க. போய்ப் பாரு" என்றார். வாயிலில் பலகை இல்லை. செய்தித்தாளில் விளம்பரம் இல்லை. நோட்டின் முதற்பக்கத்தையும் திருவிழாக் கணக்கையும் எடுத்துக்கொண்டு மறுநாளே சென்றான். ஒரு மாதம் பார்ப்போம் என்று எடுத்துக்கொண்டார்கள். இன்றும் அங்கேதான் இருக்கிறான்.

அது பெரிய உத்தியோகம் அன்று. வங்கி வேலையைக் கனவு கண்ட தந்தைக்குச் சில நாள் முகம் வாடியே இருந்தது. வங்கித் தேர்வுக்கும் அவன் மாலையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறான். ஆனால் அந்தத் தாய் கட்டிக்கொடுக்கும் சோறு இப்போது உண்ணப்பட வேண்டிய இடத்தில் உண்ணப்படுகிறது.

மே மாதம் முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக 1955-இல் ஏற்படுத்தினார் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர். எகிப்துக்குத் தப்பியோடிய காலத்திலும், நாசரேத்துக்குத் திரும்பிய காலத்திலும் அந்தத் தச்சர் புதிய ஊரில் கதவு கதவாகத் தட்டித்தானே வேலை கேட்டிருப்பார்! அவருடைய பீடத்தடியில் இனியும் நம் பிள்ளைகள் வந்து அமரட்டும்; ஒளிவதற்காக அல்ல, காலையில் ஐந்து நிமிடம் செபித்துவிட்டு, நோட்டை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்காக. அவர்களுக்கு வழி சொல்லும் கடமை நம் அனைவருக்கும் உண்டு. அக்கடமையில் தவறிய ஒரு பங்குத் தந்தை தம் தவற்றை ஒப்புக்கொண்டு எழுதியதே இது.